ஊற்றுக்குப் போகும் வழி

சிரில் பெடோஸ் வேலை பார்த்த காலமெல்லாம் கவுன்சில் குப்பை லாரிதான் ஓட்டினார். ஷ்ரோப்ஷயர் மாவட்டத்தின் தென்பகுதியில் அவர் லாரியைப் பின்னால் எடுத்துத் திருப்பாத சந்து கிடையாது. எந்தப் பண்ணை நாய் கடிக்கும், எது குரைப்பதோடு சரி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கூட வந்தவர்கள் குப்பையை ஏற்றும்போது அவர் கீழே இறங்கி எதிரே இருக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இந்தக் கல் மட்டும் ஏன் வேறு நிறம், இந்த வாசல் ஏன் இவ்வளவு தாழ்வு என்று வீட்டுக்காரர்களைக் கேட்பார். அவர்களுக்குத் தெரிந்திருக்காது. நூலக வேன் ஊருக்கு வரும்போது தேடிப் படித்துவிட்டு, அடுத்த முறை குப்பை எடுக்கப் போகையில் அவர்களுக்கே சொல்லிவிட்டு வருவார்.

நான் மார்ட்டன் லேசியில் ஊர்க் கடையின் பின்பக்கம் தேநீர் போடுகிறவள். அவர் ஊர்க்கதை சொல்லி ஆட்களைக் கூட்டிப்போகும் ஞாயிற்றுக்கிழமை நடை கடை வாசலில்தான் தொடங்கும். ஈஸ்டர் முடிந்ததிலிருந்து இலை உதிரும் வரை எல்லா ஞாயிறும் உண்டு. கட்டணம் கிடையாது. உள்ளூர்க்காரர்கள் கொஞ்சம் பேர், பர்மிங்ஹாமிலிருந்து காரில் வருகிறவர்கள் கொஞ்சம் பேர். மழை பெய்தால் இரண்டு பேர்தான் இருப்பார்கள். இரண்டு பேருக்கும் இருபது பேருக்குச் சொல்வது போலவேதான் சொல்வார்.

வேல்ஸிலிருந்து லண்டன் சந்தைக்குப் பெருவாத்துகளை ஓட்டிக்கொண்டு போனவர்கள், அவற்றின் கால்களைத் தாரில் முக்கி மணலில் நடக்கவிட்டுச் செருப்புப் போட்டது போல் ஆக்கிய கதையை அவர் சொல்லி நான் பல தடவை கேட்டிருக்கிறேன். வாத்தாக நடந்து காட்ட ஒரு சிறுபிள்ளையை எப்போதும் கூட்டத்திலிருந்து தேர்ந்தெடுப்பார். சில சமயம் ஆண்டைத் தப்பாகச் சொல்வார். ஓய்வுபெற்ற வாத்தியார் யாராவது திருத்தினால் சங்கடப்படாமல் அடுத்த வாரத்திலிருந்து சரியாகச் சொல்வார்.

நடை முடிகிற இடம் எல்வின் ஊற்று. தேவாலயத்துக்குப் பின்னால் சந்து வழியே ஏறி, பிரீஸ் பண்ணையின் பெரிய வயலைக் குறுக்காகக் கடந்து, வேலிப்படி ஏறி இறங்கி, மரங்களுக்குள் போனால் கூரையில்லாத பழைய சிற்றாலயத்தின் சுவர் வரும். சுவரின் அடியில் ஊற்று. மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கு எங்கள் ஊரில் சர்க்கரை ஞாயிறு என்று பெயர். வீட்டிலிருந்து கோப்பையில் சர்க்கரை கொண்டுபோய், ஊற்றுத் தண்ணீரை அதில் பிடித்துக் கலக்கிக் குடிக்க வேண்டும். குடித்தால் அந்த வருடம் காய்ச்சல் வராது என்பார்கள். வரத்தான் செய்தது. இருந்தாலும் எல்லாரும் போவோம். பாதிரியாருக்கு அதில் அவ்வளவு விருப்பமில்லை. ஆனால் அவரும் கோப்பையோடு வந்துவிடுவார்.

சிறுவனாக இருந்தபோது சிரில் அந்தப் பிரீஸ் வயலில் வேலியோரம் காய்க்கும் கருநீலக் காட்டுப் பழம் பறிக்கப் போய்ப் பிடிபட்டவர். அப்போதைய காவல்காரன் காதைப் பிடித்து ஊருக்குள் இழுத்து வந்தான். சிரிலின் அம்மா கதவைத் திறந்து, காரணம் கேட்டு, எல்லார் முன்னிலையிலும் அவரை மன்னிப்புக் கேட்க வைத்தார். அடுத்தவன் மண்ணில் கால் வைக்குமுன் கேட்க வேண்டும் என்று அன்றைக்கு அம்மா சொன்னதை அவர் விடவேயில்லை.

அதனால் ஒவ்வொரு வருடமும் நடை தொடங்குமுன் பண்ணை வீட்டுக்குப் போவார். மனைவி மேவிஸ் உலர்பழக் கேக் சுட்டுக் கொடுப்பாள். காகிதத்தில் சுற்றிக் கட்டுவது பெரும்பாலும் நான்தான். ஜாக் பிரீஸும் சிரிலும் பள்ளியில் ஒரே பெஞ்சு. மற்ற நாட்களில் 'டா' போட்டுத்தான் பேசிக்கொள்வார்கள். அன்றைக்கு மட்டும் சிரில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மிஸ்டர் பிரீஸ், இந்த வருஷமும் நாங்க உங்க வயல் வழியா போகலாமா என்று கேட்பாராம். பிரீஸ் கேக்கை வாங்கிக்கொண்டு, சரி, கேட்டை மட்டும் மூடிட்டுப் போங்க என்பாராம். இதை பிரீஸே கடையில் எல்லாரிடமும் நடித்துக் காட்டுவார்.

மேவிஸுக்கு நாக்கு கூர்மை. "இந்த மனுஷனைப் புதைக்கறப்போ பாரு, குழிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் உள்ள இறங்குவாரு" என்பாள்.

பிரீஸ் இறந்ததும் பிள்ளைகள் பண்ணையை விற்றார்கள். வாங்கியவர் லண்டன்காரர், ரூபர்ட் கேல். அவரை எங்களுக்கு முன்பே தெரியும். இரண்டு கோடைக்கு முன் சிரிலின் நடைக்கு வந்து, ஊற்றுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்று, எத்தனையோ கேள்விகள் கேட்டுப் போனவர். குடிவந்த வாரமே கடைக்கு வந்து சிரிலின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"உங்களாலதான் இந்த இடத்தையே பார்த்தேன், சிரில். நீங்க அன்னிக்குக் கூட்டிட்டுப் போகலேன்னா எனக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரிஞ்சிருக்காது."

சிரிலுக்கு அவ்வளவு சந்தோஷம். அன்றைக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனாராம்.

அந்தக் குளிர்காலம் முடியுமுன் வயலின் கேட்டில் எண் பூட்டு வந்தது. வேலிப்படியைப் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். மரங்களுக்குள் விருந்தினர் தங்க மரக்குடில்கள் எழும்பின. கேட்டில் ஒரு பலகை: தனியார் இடம். சர்க்கரை ஞாயிறன்று கோப்பைகளோடு போனவர்கள் கேட்டின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். யாரும் சத்தம் போடவில்லை. காப்பீட்டுக்காரர்கள் வெளியாட்களை விடக்கூடாது என்கிறார்கள் என்று கேல் வந்து வருத்தத்தோடு சொன்னார். நாங்களும் வருத்தத்தோடு திரும்பினோம்.

ஊராட்சித் தலைவி ஷீலா கார்பெட்தான் விஷயத்தைக் கையில் எடுத்தாள். ஊர் மக்கள் இருபது வருடம் ஒரு வழியில் நடந்திருந்தால் அதைப் பொதுவழி என்று சட்டப்படி கேட்கலாம். கிடைத்துவிட்டால் மாவட்டத்தின் அரசாங்க வரைபடத்தில் கோடு விழும். அதன்பின் யார் நிலத்தை வாங்கினாலும் பூட்ட முடியாது. கிடைக்காவிட்டால் அவ்வளவுதான், ஊற்று கேலுக்கு. அரசாங்கத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து ஊர்க் கூடத்தில் விசாரிப்பதாக ஏற்பாடு. சாட்சிகளில் சிரிலைத்தான் ஷீலா முதலில் வைத்தாள். அந்த வழியில் அவரைவிட அதிகம் நடந்தவர் யாருமில்லை. அவர் பொய் சொல்வார் என்று எதிரிகூடச் சொல்ல மாட்டான்.

விசாரணைக்கு முந்தைய வாரங்களில் சிரில் பத்து வயது குறைந்தவர் போல் நடமாடினார். வாழ்நாள் முழுக்கச் செய்ததற்கு இப்போதுதான் பயன் வரப் போகிறது என்று என்னிடம் சொன்னார். நான் செத்த பிறகும் வரைபடத்தில் அந்தக் கோடு இருக்கும் என்றார்.

கூடத்தில் தேநீர் என் பொறுப்பு. சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே தட்டு கொடுக்கும் சன்னல் ஒன்று உண்டு. அதைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். சிரில் தன் கல்யாணக் கோட்டைப் போட்டு வந்திருந்தார், பொத்தான் எட்டவில்லை. கேலின் வக்கீல் ஒரு இளம்பெண். குரலை உயர்த்தவே இல்லை. சிரிலுக்கு உட்கார வசதியாக இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் தொடங்கினாள்.

"மிஸ்டர் பெடோஸ், ஊர்ல எல்லாரும் உங்களைப் பத்தி நல்லபடியாத்தான் சொல்றாங்க. அடுத்தவங்க நிலத்துல அத்துமீறி நுழையற ஆள் நீங்க இல்ல. அப்படித்தானே?"

"ஒருநாளும் நுழைஞ்சதில்லம்மா."

"அப்போ மிஸ்டர் பிரீஸ் வயல்ல நடக்கறதுக்கு முன்னாடி?"

"கேட்டுட்டுத்தான். வருஷா வருஷம் அவர் வீட்டுக்கே போய்க் கேப்பேன். வெறுங்கையோட போனதில்ல. என் வீட்டுக்காரி கேக் சுட்டுத் தருவா."

கூடத்தில் லேசாகச் சிரிப்பு எழுந்தது. மேவிஸ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"உங்களுக்கு மட்டும் கேப்பீங்களா, கூட வர்றவங்களுக்கும் சேர்த்தா?"

"எல்லாருக்கும் சேர்த்துத்தான். ஊருக்காகத்தானே கேக்கறது."

"அவர் என்ன சொல்வார்?"

"சரி, போங்க, கேட்டை மூடிட்டுப் போங்கம்பார்."

"ஏதாவது ஒரு வருஷம் அவர் கூடாதுன்னு சொல்லியிருந்தா?"

இப்படி ஒரு கேள்வியா என்பது போல சிரில் அவளைப் பார்த்தார்.

"போயிருக்க மாட்டோம். அவர் நிலம்மா அது."

வக்கீல் நன்றி சொல்லி உட்கார்ந்தாள். ஷீலா கார்பெட் பேனாவை மூடி மேசைமேல் வைத்ததை நான் பார்த்தேன். கேல் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரில் மட்டும் இன்னும் நாலு கேள்வி கேட்டால்கூடப் பதில் சொல்லத் தயார் என்பது போல உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, அதிகாரிக்கு ஒரு வணக்கம், வக்கீலுக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு வந்தார்.

அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் அதே கதிதான். நீங்கள் தனியாகக் கேட்டீர்களா என்று அந்தப் பெண் ஒவ்வொருவரையும் விசாரித்தாள். சிரில் கேட்டுவிடுவார், அதனால் நாங்கள் கேட்கவில்லை என்றார்கள். அது அவருக்குப் பெருமை என்று நினைத்துத்தான் சொன்னார்கள்.

இடைவேளையில் சிரில் சமையலறைக்குள் வந்தார். முகம் சிவந்து பளபளப்பாக இருந்தது. எப்படிப் பேசினேன் என்று மேவிஸைக் கேட்டார். கேக் பற்றிச் சொன்னது தனக்குப் பிடித்திருந்தது என்றாள் அவள். ஷீலா வந்து கதவைச் சாத்தினாள்.

"சிரில், நீ கேட்டிருக்கக் கூடாது."

"எதை?"

"போகலாமான்னு. உரிமையா நடந்திருந்தாத்தான் அது பொதுவழி. கேட்டுட்டு நடந்தா அது பிரீஸ் குடுத்த சலுகை. சலுகையை யாரு வேணும்னாலும் நிறுத்திக்கலாம்."

சிரில் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்போ திருட்டுத்தனமா போயிருக்கணுமா?"

"திருட்டுத்தனமாவும் கூடாது. பட்டப்பகல்ல, அவரு பாக்கப் பாக்க, ஒரு வார்த்தை கேக்காம போயிருக்கணும்."

"அது மரியாதையா, ஷீலா?"

"அதுதான் சட்டம்."

"உனக்குத் தெரியாதா நான் வருஷா வருஷம் அங்க போறது?"

"கேக் கொண்டு போவேன்னு தெரியும். சிநேகிதனுக்குக் கொண்டு போறேன்னு நெனச்சேன். ஜாக் நடிச்சுக் காட்டினப்பகூட அவன் விளையாட்டுன்னுதான் சிரிச்சேன்" என்றாள் ஷீலா. "வயல் வழியா பால்காரன் போனான், பள்ளிப் பிள்ளைங்க போச்சு, என் அம்மா போனா. யாருமே கேக்கல. நீ ஒருத்தன் எங்க எல்லாருக்காகவும் கேட்டு வச்சிருக்க."

மேவிஸ் அன்றைக்கு எந்தக் கிண்டலும் செய்யவில்லை. தட்டுகளை எடுத்து என்னோடு கழுவத் தொடங்கினாள்.

தீர்ப்பு இலையுதிர் காலத்தில் வந்தது. ஊர் மக்கள் நடந்தது உண்மை, ஆனால் நிலக்காரரின் அனுமதியோடு நடந்தார்கள், ஆகவே பொதுவழி இல்லை. ஷீலா அதைக் கடைக் கதவில் ஒட்டினாள். அதைப் படித்தவர்கள் ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். சிரிலைப் பார்த்தவர்களெல்லாம் உன்மேல் தப்பில்லை என்றார்கள். தப்பில்லை என்று ஒருவர் சொன்னால் ஆறுதல். ஊரே வரிசையாக வந்து சொன்னால் வேறு என்ன அர்த்தம்? அவர் கடைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

மதுக்கடையில்தான் அது வேறு வடிவம் எடுத்தது. கூரை வேய்கிற லென் ஹாட்லட், சிரிலின் பக்கத்து நாற்காலியில் உட்காரப் போனவன் நின்று, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"மிஸ்டர் பெடோஸ், இந்த வருஷமும் நான் இங்க உக்காரலாங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். சிரிலும் சிரித்தார், சரி, கதவை மூடிட்டு உக்காரு என்று பதிலும் சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் இன்னொருவன் பீர் குடிக்க அனுமதி கேட்டான். அதற்கடுத்து ஒருவன் கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டான். கிறிஸ்துமஸ் வரை அது ஓயவில்லை. லென் கெட்டவன் இல்லை. சிரிலின் கூரையை ஒரு தடவை சும்மாவே சரிசெய்து கொடுத்தவன். ஆனால் அவனுடைய பிள்ளைகளும் அந்த ஊற்றில் குடித்து வளர்ந்தவர்கள். கோபத்தைக் கோபமாகக் காட்ட எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது.

வசந்தம் தொடங்கும்போது கேல் ஒரு வைன் பாட்டிலோடு சிரில் வீட்டுக்குப் போனார். அன்றைக்கு மேவிஸுக்குக் கால் வீங்கியிருந்ததால் நான் ரொட்டி கொண்டுபோயிருந்தேன். கேல் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து, நடந்ததற்காக மனசு சங்கடப்படுகிறது என்றார். பொய்யாகச் சொல்லவில்லை. பிறகு விஷயத்துக்கு வந்தார். குடில்களில் தங்க வருகிறவர்கள் ஊற்றைப் பற்றி ஆசையாகக் கேட்கிறார்களாம். தனக்கு அவ்வளவு சொல்லத் தெரியவில்லையாம். சனிக்கிழமைகளில் சிரில் வந்து வாத்துக் கதை, சிற்றாலயக் கதை எல்லாம் சொன்னால் நன்றாக இருக்குமாம்.

"உங்களுக்கும் மேவிஸுக்கும் எப்பவும் வழி உண்டு, சிரில். ஒரு போன் பண்ணிட்டு வந்தாப் போதும்."

"ஊர்க்காரங்க?" என்றார் சிரில்.

கேல் கையை விரித்தார். "எல்லாரையும் விட முடியாதே. உங்களுக்குப் புரியும்."

யோசிச்சுச் சொல்றேன் என்று சிரில் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். மேவிஸ் காலை ஸ்டூலிலிருந்து இறக்கினாள். "நீ அங்க போய் அந்தாளு விருந்தாளிங்களுக்கு வாத்து மாதிரி நடந்து காட்டினா, நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். சொல்லிட்டேன்."

நாங்கள் நினைத்தது போல சிரில் அந்த வேலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கவில்லை.

சர்க்கரை ஞாயிற்றுக்கு முந்தைய வாரம் சிரில் வீடு வீடாகப் போனார். பட்டப்பகலில், யாரையும் கேட்காமல், எல்லாருமாக நடக்கலாம் என்றார். இன்றைக்குத் தொடங்கினால் இருபது வருடத்தில் வழி நம்முடையது. நான் இருக்க மாட்டேன், உங்கள் பிள்ளைகள் இருப்பார்கள் என்றார். எல்லாரும் பணிவாகக் கேட்டுக்கொண்டார்கள். இப்போது அது அத்துமீறல் அல்லவா என்றார்கள். ஷீலாவுக்குப் பதவி இருந்தது. லென்னுக்குக் கேலின் குடில்களில் கூரை வேலை இருந்தது. இத்தனை வருடம் அவர் சொல்லிக்கொடுத்த மரியாதையை எல்லாரும் நன்றாகவே கற்றிருந்தார்கள்.

ஞாயிறன்று கேட் வரை போனது மூன்றே பேர்: சிரில், கம்பை ஊன்றிக்கொண்டு மேவிஸ், நான். சிரில் தொப்பியைத் தலையில் அழுத்திக்கொண்டு, எழுபத்து மூன்று வயதில், கேட்டின்மேல் ஏறினார். அந்தப் பக்கம் இறங்கும்போது கால்சட்டை கம்பியில் மாட்டிக் கிழிந்தது. வயலுக்கு நடுவே நேராக நடந்தார். இரண்டு பக்கமும் பார்க்கவில்லை. அவ்வளவு நிமிர்ந்து அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

மரங்களுக்குப் பக்கத்தில் விருந்தினர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கையில் கோப்பைகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். கேல் அவர்களுக்குச் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தார். சிரிலைப் பார்த்ததும் கையை உயர்த்தி ஆட்டிக்கொண்டு எதிரே வந்தார். எங்களுக்குக் கேட்கும் அளவுக்குச் சத்தமாக, சந்தோஷமாகத்தான் கூப்பிட்டார்.

"வாங்க சிரில், வாங்க. ஏன் ஏறிக் குதிக்கறீங்க? பூட்டு நம்பர் தர்றேனே."

"நான் உங்ககிட்ட அனுமதி கேக்கல, மிஸ்டர் கேல்" என்றார் சிரில்.

"கேக்கவே வேண்டாம். அதான் குடுத்தாச்சே. உங்களுக்கு எப்பவும் உண்டு."

கேட்காமல் நடந்ததும் சலுகையாகிவிட்டது; சிரில் அங்கேயே நின்றுவிட்டார். ஊற்று அங்கிருந்து ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை. விருந்தினர்களில் ஒரு பெண் அவருக்கு ஒரு கோப்பையை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. கேலைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பினார். கேல் கூடவே நடந்து வந்து பூட்டைத் திறந்து, அவருக்காகக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சந்தில் பாதித் தூரம் வந்த பிறகு மேவிஸ் கேட்டாள், அவன்கிட்ட அங்க என்ன சொன்னே என்று.

"நன்றின்னு சொன்னேன்" என்றார் சிரில். "அதுவா வாயில வந்துடுச்சு."

அந்த வருடம் நடை இல்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. சனிக்கிழமை வேலைக்கும் அவர் போகவில்லை. கேல் இரண்டு தடவை ஆளனுப்பிப் பார்த்துவிட்டு, கல்லூரிப் படிப்பு முடித்த ஒரு பையனை வைத்துக்கொண்டார். அவன் வாத்துக் கதையை நன்றாகவே சொல்கிறானாம்.

போன மாதம் சிரில் கடையில் தபால்தலை வாங்க நின்றிருந்தார். பர்மிங்ஹாமிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. எப்போதோ பெற்றோருடன் இந்த ஊரில் ஒரு நடைக்கு வந்திருக்கிறாராம் அந்தக் குடும்பத்தின் அப்பா. ஒருவர் வழியெல்லாம் கதை சொல்லிக் கூட்டிப்போனாராம். கடைசியில் ஒரு ஊற்று இருந்ததாம். பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று வந்தோம், அதற்கு எப்படிப் போக வேண்டும் என்று பக்கத்தில் நின்ற சிரிலிடம்தான் கேட்டார்.

சிரில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். சில்லறையை எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டார்.

"எனக்குத் தெரியலைங்க" என்று சொல்லிவிட்டு, வாசலை அடைத்து நின்ற அந்தக் குடும்பத்திடம் வழிவிடுங்கள் என்று கேட்காமலே நடுவில் புகுந்து வெளியே போனார்.